எதிர்வீட்டுக்குப் போன வெயில்

அரிசிப்பாளையத்தில் மேற்குப் பார்த்த மாடி.
மாசி முடிவதற்குள் சுவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்;
இரவு பதினொன்றுக்குக் கை வைத்தாலும் சுடும்.
பழைய சன்னல்: வேப்பஞ்சட்டம், மெல்லிய ஒற்றைக் கண்ணாடி,
இடுக்கில் மடித்துச் செருகிய செய்தித்தாள்.
ஏசி குளிரை ஊற்றிக்கொண்டே இருந்தது,
ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற பொறுமையோடு.

ஜவ்வரிசி ஆலைக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.
இரண்டு மாதத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
ஐநூறைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு யூனிட்டும்
மேற்படியில் நின்றுகொண்டு காசு கேட்கும்.

தீர்த்தகிரி வந்து டேப்பை இழுத்தார்.
"மேல நாலடி. கீழ நாலடி ஒண்ணேகால் இன்ச்.
சன்னல் இல்லீங்க, உங்க சுவரே கோணல்."
பதினெட்டு வருடமாக அந்தக் கோணல் வழியாகத்தான்
மற்றவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு கண்ணாடி, நடுவில் பூட்டிய காற்று,
உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு.
தெரியாததற்கு எப்படிப் பணம் தருவது என்றேன்.
சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கொளுத்தினார்.
கண்ணாடிக்குள் வரிசையாய் நாலு சுடர்.
மூன்று மஞ்சள்.
ஒன்று மட்டும் கத்தரிப்பூச் சாயல்.
"அதானுங்க பூச்சு. அங்கதான் வெயில் திரும்பும்."

எங்கே திரும்பும் என்று கேட்டிருக்க வேண்டும்.

பங்குனியில் எமல்டா அக்கா படியேறி வந்தார்.
எதிரே கிழக்குப் பார்த்த தரைவீடு அவர்களுடையது.
மத்தியானத்துக்கு மேல் அந்த வாசலில் வெயிலே கிடையாது.
அதை நம்பித்தான் இரவு டூட்டி முடித்த மரியலூயிஸ் அண்ணன்
முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்.
"நாலரைக்கு உங்க சன்னல் எங்க வீட்டுக்குள்ள வருதுங்க."
சண்டை இல்லை. தகவல் மாதிரிதான் சொன்னார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
கோணல் இல்லாத நாலடி வெயில்
தூங்குகிற மனிதரின் நெஞ்சின்மேல் கிடந்தது.
மேலே என் வீட்டில் நூற்றிருபத்தைந்து யூனிட் மிச்சம்.
வரவு எழுதினால் எங்கோ பற்று எழுதியாக வேண்டும்,
இது எனக்குத் தெரியாததல்ல.

வெளியே மூங்கில் தட்டி கட்டிவிடுகிறேன் என்றேன்.
அக்கா பதில் சொல்லவில்லை.
அன்றே கட்டிலை உள்ளறைக்கு இழுத்துவிட்டார்கள்.
மறுநாள் அந்த வெயிலில் ஒரு முறம்,
முறம் நிறைய ஜவ்வரிசி வடாம்.
"மொட்டைமாடி ஏற முட்டி விடமாட்டேங்குது.
இப்ப வெயிலே வீடு தேடி வருது, விடு."

போன வாரம் வேறொன்றும் சொன்னார்:
உள்ளறையில் காற்றில்லை,
ஃபேன் பகலெல்லாம் சுற்றுகிறதாம்.
அவர்கள் அட்டையில் எவ்வளவு ஏறியது
என்று நான் கேட்கவில்லை.
கணக்கெழுதுகிறவள், கேட்கவில்லை.
வாங்கி வந்த தட்டி கதவுக்குப் பின்னால் நிற்கிறது,
சுருட்டியபடி, கயிறு அவிழ்க்காமல்.

இப்போது மணி நாலரை.
அறைக்குள் சுவர் தணிந்திருக்கிறது.
எதிரே வெயில் படியை விட்டு மேலேறுகிறது.
முறம் ஸ்டூலுக்குப் போகிறது,
ஸ்டூலிலிருந்து சன்னல் திட்டுக்கு.
இன்னும் ஒரு மணி நேரத்தில் அது கைப்பிடிச் சுவர் தாண்டி
கஞ்சமலைப் பக்கம் போய்விடும், வந்த வழியே.

வெளியிலிருந்து பார்த்தால் என் சன்னலில்
வானம் மட்டும்தான் தெரியுமாம், ஆள் தெரியாதாம்.
அக்கா வானத்தைப் பார்த்துக் கையாட்டுகிறார்.
நானும் ஆட்டுகிறேன்.