கெதார் என்றொரு வினை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மட்டத்தில் வகுப்பு.
ஜன்னலில் பஸ் சக்கரங்கள் போய்க்கொண்டிருக்கும்.
பக்கத்து அறையில் ஜெர்மன், முப்பது நர்சுகள்.
இங்கே ஸ்பானிஷ், நாலு பேர்,
அதிலும் ஒருத்தி சனிக்கிழமை மட்டும்.
நான் குளச்சலில் ஜாக்கெட் தைக்கிறவள்.
கத்தரிக்கோலைக் கடையில் வைத்துவிட்டு வந்தாலும்
விரல் பெஞ்சை அளந்துகொண்டே இருக்கும்.

ஷிபின் சார் பலகையில் எழுதினார்: கெதார்.
"த-வை அடிக்காதீங்க. காது, பாதி, விதை,
அந்தத் த போதும்."
இத்தனை நாளும் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

பொருள் எழுதினேன்: மிஞ்சு.
பானையில் கொஞ்சம் சோறு கெதா. சரி.
அடுத்த வரியில் அதே சொல் வழி கேட்கிறது:
தோந்தே கெதா குளச்சல்?
குளச்சல் எங்கே மிஞ்சுகிறது?
அடித்துவிட்டு 'இரு' என்று எழுதினேன்.
அதற்கும் அடுத்த வரியில் ஒரு சட்டை:
தே கெதா பியென், உனக்கு நல்லாப் பொருந்துது.
அதையும் அடித்தேன்.
பிறகு ஐந்து மணிக்கு கெதாமோஸ்,
சந்திக்கலாம் என்று பேசி வைப்பது.
நம்மூரில் அதற்கு வினை கிடையாது,
அஞ்சு மணிக்கு வந்திரு என்போம்,
ஆறரைக்கு வருவோம்.
நோட்டு முழுக்கப் பிரித்துப்போட்ட தையல்.

அன்று ராத்திரி லில்லிபாய் வந்தாள்.
"எனக்க ஜாக்கெட்டு எங்க?"
"அன்னா கெடக்கு."
"மிச்சத் துணி?"
"அரை முழம் கெடக்கு."
"கை இறுக்கிப் பிடிக்கே."
"கெடக்கட்டும், ரெண்டு அலசு அலசினா இளகும்."
கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து
"கொள்ளாம்" என்றாள்.

பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்தேன்.
கெடக்கு. கெதா.
ஒரே துணியில் வெட்டியதில்லை இரண்டும், தெரியும்.
ஆனால் அளவு ஒன்று.
கொள்ளாம் மட்டும் ஒட்டுத்துணி.

மறு வாரம் சார் 'மெ' கொண்டுவந்தார்.
சின்னக் கொக்கி, வினைக்கு முன்னால் மாட்டவேண்டும்.
மாட்டினால் மிச்சம் எழுந்து நிற்கிறது:
மெ கெதோ.
மிஞ்சிப்போனவள் இல்லை, தங்குகிறவள்.
எனக்குப் பிடித்தது அந்தக் கொக்கி.
ஆனால் அதே கொக்கியில்தான்
உட்கார்ந்தபடி உறங்கிப்போவதும் தொங்குகிறது,
காது கேட்காமல் போவதும்,
மெ கெதே பியூதா,
விதவையாகிப்போனேன்.
சார் அந்த வரியை வேகமாகத் தாண்டினார்.
எழுத்துப் பிழை இல்லாமல் நான் எழுதிய முதல் வாக்கியம் அது.
மூன்று சொல். பிடிக்க, இளக்க ஒன்றுமில்லை.

வாய்மொழித் தேர்வு லேப்டாப்பில்.
புர்கோஸிலிருந்து ஒரு பெண்,
கழுத்தைச் சுற்றி மூன்று சுற்றுக் கம்பளி.
என் ஊர் எங்கே கெதா என்றாள்.
கடலோரம், மணவாளக்குறிச்சிக்கு மேற்கே,
காலையில் மீன், மாலையிலும் மீன் என்றேன்.
சிரித்தாள். பேனாவை மூடியவள்
மறுபடி திறந்து கேட்டாள்:
தே வாஸ் ஆ கெதார்?

தங்கிவிடுவீர்களா?
எங்கே என்று சொல்லவில்லை.
அங்கேயா, இங்கேயா?
கேள்விக்குள் ஊரே இல்லை.
ஏஜென்ட் எழுதித்தந்த பதில் ஒன்று உண்டு,
முதியோர் இல்லம், இரண்டு வருட ஒப்பந்தம், மிக்க மகிழ்ச்சி.
ஒரு சொல்லும் வரவில்லை.
மேம்பாலத்தில் ஏதோ லாரி,
ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.
கடைசியில் உண்மையைச் சொன்னேன்:
மெ கெதே என் பிளாங்கோ.
மண்டை காலியாகிவிட்டது என்று அர்த்தம்.
சொல்லுக்குச் சொல் பிரித்தால்,
வெள்ளையில் நின்றுபோனேன்.

"பெர்ஃபெக்தோ" என்று எதையோ குறித்துக்கொண்டாள்.
இலக்கணத்துக்குத்தான் இருக்கும்.

மார்க் வர இன்னும் இருபது நாள் கெடக்கு.
லில்லிபாய்க்க அடுத்த ஜாக்கெட்டுக்குக் கை வெட்டணும்,
இந்தத் தடவை கால் இஞ்சு கூட்டி.