மீன் கணக்கு

அக்டோபர் ஒன்பது. வடகாற்று.
வலையில் அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளைமீன்.
சகோதரர் ஒனெசிமுக்கு விரலில் வெடிப்பு.
ஒரு சிறுமி இறந்தாள். மாலையில் பனி.

அன்றைய பக்கம் இவ்வளவுதான்.
மறுபடி வாசிக்கிறேன், விரல் வைத்து,
எழுத்துக் கூட்டும் பிள்ளை போல.
காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை.
வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்திருக்கிறார்கள்,
என் கைரேகை அந்தத் தாளில் படக் கூடாதாம்.

அறுநூறு என்று முடித்துவிடவில்லை பாருங்கள்,
அந்தப் பன்னிரண்டும் கணக்கில் உண்டு.
அந்தப் பருவம் முழுக்கப் பதினெட்டாயிரத்து நாற்பது.
வாலில் துளையிட்டு, குச்சிக்குப் பத்தாய்க் கோத்து,
உயர மேடையில் தொங்கவிட்டார்கள்.
நாய்களுக்குப் பாதி. பிள்ளைகளுக்குப் பாதி.

பிள்ளைகளை ஆகஸ்டில் மிஷன் படகு வந்து ஏற்றிப் போகும்.
ஓதில், என் அம்மாவின் அக்கா, ஏழு வயது,
மூஸ் தோல் காலணியோடு ஏறினாள்.
இறங்கியதும் அதைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள்.
எண் முப்பத்தேழு.
அம்மாவுக்கு அப்போது நான்கு வயது.
படகின் புகை மட்டும் ஞாபகம் என்பாள்.

கெரோத்ரே சாமியார் கடலோரத்து மீனவன் மகன்.
வலை பின்னத் தெரிந்தவர்.
பதினேழு வருடம் எங்கள் மொழிக்கு அகராதி எழுதினார்.
சூசான் என்பவளை மாலைதோறும் உட்காரவைத்து
இதற்கு என்ன, அதற்கு என்ன என்று கேட்பார்.
கூலி, வாரம் ஒரு பொட்டலம் தேயிலை.
பாவத்துக்கு அவள் வெகுநேரம் யோசித்து
தடம் பிசகிய நடை என்பது போல ஒன்று சொன்னாள்.
அப்பத்துக்குச் சிரித்துவிட்டாள்.
அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை என்ற இடத்தில்
மீன் என்று போடுங்களேன் என்றாள்.
அவர் ஒப்பவில்லை.
அதையும் ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார்.

எங்கள் மீனின் முதல் ஒலி
நாக்கு நுனி பல்லில் ஒட்ட, இரு ஓரமும் காற்று வழிவது.
அவர் மொழியில் அதற்கு எழுத்து இல்லை.
தன் எழுத்தொன்றின் குறுக்கே கோடு கிழித்து
இதுதான் அது என்றார்.
நல்ல காது அந்த மனிதருக்கு.
இன்றும் என் மகன் பெயரை எழுதும்போது
அந்தக் கோட்டைத்தான் நானும் கிழிக்கிறேன்.

மேல்மாடியில் அந்த ஒலி
மசியில் காய்ந்துகொண்டிருந்தது.
கீழ்த்தளத்தில் அதைச் சொன்ன வாய்க்குச்
சவுக்காரம்.

இன்னொரு பேரேடு. வருகைப் பட்டியல்.
முப்பத்தேழின் குறுக்கே ஒரு கோடு.
அதே மசி. அதே கைச் சாய்வு.
தேதி இல்லை.
அக்டோபரில் ஒருத்தி, பிப்ரவரியில் ஒருத்தி,
மே மாதம் ஆறு உடைந்தபோது இருவர்.
இவர்களில் எவள் ஓதில்?

பிப்ரவரிப் பக்கத்தில் வேறு கையெழுத்து,
பிழை மலிந்தது, ஒனெசிமுடையது:
மண் கல்லாகிவிட்டது.
இரண்டு நாள் தீ மூட்டிக் குழி.
பெட்டி சின்னது, நான் ஒருவனே தூக்கினேன்.
அதன்பின் ஒரு சொல் அடித்து அழிக்கப்பட்டிருக்கிறது,
வெளிச்சத்தில் பிடித்தும் தெரியவில்லை.

காப்பகத்தை ஐந்துக்குப் பூட்டுகிறார்கள்.
கார் நிறுத்துமிடத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.
ஜெபமாலையில் இருந்தாள்; முடிக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.
சாமியார் மொழிபெயர்த்த ஜெபம்தான்,
ஒரு சொல் பிசகாமல் சொல்லி வந்து
அப்பம் வரும் இடத்தில்
மீன் என்றாள், எங்கள் கரைப் பெண்கள் எல்லாரும் சொல்வது போல.

என்ன எழுதியிருக்கிறார்கள்? என்று கேட்டாள்.
எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.
வாய்க்கு வந்தது கணக்கு.
பதினெட்டாயிரத்து நாற்பது என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
ஓதிலுக்குத் தலை பிடிக்குமாம் என்றாள்.
கன்னத்துச் சதையை
யாருக்கும் கொடுக்க மாட்டாளாம்.