மெம்காப்பி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். தகரக் கூரைக்கு மேலே மெட்ரோ.
அது போகும்போதெல்லாம்
ஆசிலோஸ்கோப் கோடு கொஞ்சம் சிலிர்க்கும்.
மேசையில் ஒரு தண்ணீர் மீட்டர், வயிறு திறந்தபடி.
உள்ளே பதினாறு கிலோபைட்.
அதற்குள் எல்லாம் அடங்கவேண்டும்.

முதலில் ஒரே ஒரு எண்ணை அச்சிடச் சொன்னேன்.
பிரிண்ட்எஃப் வந்தது.
ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால்
வேன் பிடித்து வருவார்களே, அப்படி.
தசமப்புள்ளி தெரிந்தவர், இடப்பக்கம் ஒதுங்கி நிற்பவர்,
கழித்தல் குறி சுமப்பவர், அவர் கையில் ஒரு மல்லாக்.
எல்லோரும் உட்கார்ந்தபின்
லிட்டரை எண்ண இடமில்லை.

"லைப்ரரியே வேண்டாம், கழட்டு" என்றாள் பிரிசில்லா,
சால்டர் புகைக்குப் பின்னாலிருந்து.
பதினோரு வருடமாகப் பிள்ளையார் சுழிபோல
முதல் வரியில் போட்டுவந்ததை அழித்தேன்.
மெயினுக்கு முன்னால் யாரோ
தினமும் தரை கூட்டி, பூஜ்யம் தெளித்து,
ஸ்டாக்கை நிமிர்த்திவைத்துப் போயிருக்கிறார்கள் என்பது
அவர்கள் வராத அன்றுதான் தெரிந்தது.

லிங்கர் கேட்டது: மெம்காப்பி எங்கே?
நான் அப்படி ஒருவரைக் கூப்பிடவே இல்லை.
ஒரு ஸ்ட்ரக்சரை இன்னொன்றுக்குச் சமம் என்று
ஒற்றைக் கோடு இழுத்திருந்தேன், அவ்வளவுதான்.
அந்தச் சமக்குறிக்குள்ளே ஒருவர்
இத்தனை காலம் மூட்டை தூக்கியிருக்கிறார்.

சரி, நானே எழுதினேன். நாலு வரி.
இங்கிருந்து ஒரு பைட் எடு, அங்கே வை, நகரு.
குழந்தைக்குச் சொல்வதுபோல.

மீட்டர் விழித்தது. உறைந்தது.
இரண்டு நொடியில் காவல்நாய் கடித்தது.
விழித்தது, உறைந்தது, கடி.
சிவப்பு விளக்கு மட்டும் இரவு பதினொன்று வரை
ஒழுங்காகக் கண் சிமிட்டியது.

கடைசியில் அசெம்பிளியைப் பிரித்துப் பார்த்தால்
என் சுற்று அங்கே இல்லை.
அது இருந்த இடத்தில் ஒற்றை வரி:
மெம்காப்பியைக் கூப்பிடு.
என் மெம்காப்பிக்குள்.
கம்பைலர் என் நாலு வரியைப் படித்திருக்கிறது,
ஓ, இதுதானா, தெரியுமே என்று புன்னகைத்து
தெரிந்தவரிடமே அனுப்பிவிட்டது.
தெரிந்தவர் நான்தான்.
என் வாசலில் நானே மணியடித்து
நானே திறந்து
வெளியே வந்து மணியடித்து.

எனக்குக் கோபம் வரவில்லை. கூச்சம் வந்தது.
இவ்வளவு நுணுக்கமாக
வேறு யாரும் என்னைப் படித்ததில்லை.
அந்தக் கோப்புக்கு மட்டும் ஒரு கட்டளை சேர்த்தேன்,
மனிதமொழியில் சொன்னால்:
இங்கே மட்டும் என்னைப் புரிந்துகொள்ளாதே.
சொன்னதை அப்படியே செய்.

ஓடியது. முப்பத்தாறு பைட்.

காலையில் ஜாலஹள்ளி கிராஸ் தர்ஷினியில்
"ஒந்து பை டூ" என்றாள் பிரிசில்லா.
ஒரு காப்பி இரண்டு தம்ளரில் வந்தது.
இது காப்பி இல்லை, பங்கு, என்றேன்.
காப்பி என்றால் அங்கேயும் முழுசு இருக்கவேண்டும்,
இங்கேயும் முழுசு.
"குடி, ஆறிடும்."

அவளிடம் சொல்லாத ஒன்று:
இரண்டு தம்ளரும் ஒன்றோடொன்று
கொஞ்சம் ஏறியிருந்தால் என்னுடையது சிந்திவிடும்.
அதற்கு வேறொருவர் வேண்டும், மெம்மூவ்.
அவரை இன்னும் எழுதவில்லை.

அடுத்த மாதம் எலஹங்காவில் ஏதோ பேஸ்மென்டில்
டேங்கர் குழாய் விக்கி விக்கித் தண்ணீர் துப்பும்.
என் முப்பத்தாறு பைட் எண்ணைத் தூக்கி
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்கும்.
மாடியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு ஸ்ட்ர்லென்.
ஒவ்வொரு எழுத்தாகக் கதவு தட்டிக்கொண்டு
பூஜ்யம் வரும்வரை நடக்கவேண்டும்.
பூஜ்யம் வைக்க யாராவது மறந்திருந்தால்
தெரு முடிந்தபின்னும்
அது நடந்துகொண்டிருக்கும்,
யார் யார் வீட்டையோ எண்ணியபடி.