மார்ச் ஒன்பது, ஜன்னலோரம்

பாதி விலை.
புன்டா அரெனாஸிலிருந்து சாந்தியாகோவில் மாறி
அன்டோஃபகாஸ்டா.
மார்ச் ஒன்பது, ஜன்னலோரம், ஒரு பெட்டி இலவசம்.
மற்ற கம்பெனியில் இதே தூரத்துக்கு
நான் நாற்பது தலைகளை வெட்ட வேண்டும்.
முடியைத்தான் சொல்கிறேன்.

பேருந்து என்றால் அர்ஜென்டினா வழியாகச் சுற்றி
மூன்று பகல், மூன்று இரவு.
என் இடுப்பு அதற்கு இனிமேல் ஒத்துக்கொள்ளாது.

மில்லாரேயுக்கு மார்ச் பதினான்கு என்று சொல்லியிருக்கிறார் டாக்டர்.
'தேதி பார்த்தா வரும் குழந்தை?' என்று
போனில் சிரிக்கிறாள் மகள்.
விமானமும் அப்படித்தான், கண்ணே.

கைக்கேன் ஏர்லைன்ஸ்.
வாலில் ஒரு காட்டு வாத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு.
எண்ணெய்க்காரன் ரொக்கம் கேட்கிறானாம்.
பதினொன்றில் நான்கைக்
குத்தகைக்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம்.
வட்டி கட்ட வட்டிக்கு வாங்குகிறார்களாம்.
முதலாளி மட்டும் டிவியில் சிரிக்கிறார்:
'நாங்கள் பறந்துகொண்டுதான் இருக்கிறோம்.'
பறக்கிறவன் அதை ஏன் சொல்ல வேண்டும்?
கடை திறந்திருக்கிறது என்று
நான் ஒருநாளும் தெருவில் நின்று கத்தியதில்லை.

'வாங்காதே' என்றார் எலியோடோரோ மத்தியானம்.
ஜலசந்திப் படகில் முப்பது வருஷம் ஓட்டை அடைத்தவர்;
அவருக்கு எல்லாமே மூழ்கும்.
ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, அவரே:
'பாதி விலையா? சரியாகப் பார்த்தாயா?'

செவ்வாய்க்கிழமை டான்கா வந்தாள்.
வாத்தின் பணிப்பெண்.
காலருக்கு மேலே முடி நிற்க வேண்டும் அவர்களுக்கு,
சம்பளம் நின்றுபோனாலும்.
கண்ணாடிக்குள் இருந்த அவளைக் கேட்டேன்:
'மார்ச்சில் பறப்பீர்களா?'

தலையை அசைத்தாள்.
என் கத்தரி அந்தரத்தில் நின்றது.
இல்லை என்றாளா,
பிடரியில் முடி குத்தியதா?
பிரஷ்ஷால் கழுத்தைத் தட்டிவிட்டேன்.
மறுபடி கேட்கவில்லை.
ஒருத்தியின் கழுத்தருகே கத்தரியை வைத்துக்கொண்டு
அவள் பிழைப்பைப் பற்றி
இரண்டு தடவை கேட்கக்கூடாது.

எழுந்து, பையைத் திறந்து, மூடி,
'இந்தத் தடவையும் எழுதிக்கொள்ளுங்கள், லுஸ்மிரா' என்றாள்.
நோட்டில் எழுதினேன்: டான்கா, எட்டாயிரம் பெசோ.
மேல் வரியிலும் டான்காதான்.

கதவைத் திறந்ததும் காற்று அவளைப் பிடுங்கியது.
தெருமுனையில் நகராட்சி கட்டியிருக்கும் கயிற்றை
ஒரு கையால் பற்றிக்கொண்டு திரும்பிக் கத்தினாள்:
'எல்லோரும் இதையே கேட்கிறார்கள்!
கேட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள்!
அப்புறம்...'
மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது.

டிக்கெட் என்றால் என்ன?
இன்றைக்குப் பணம், மார்ச்சில் இருக்கை.
வாத்துக்கு நான் கொடுக்கும் கைமாற்று.
நாளைக்கே அது விழுந்தால்
முன்னால் வங்கி, பின்னால் எண்ணெய்க்காரன்,
அதற்கும் பின்னால் குத்தகைக்காரன்,
வரிசையின் வாலில்
ஹேர்டை கறை படிந்த விரல்களோடு நான்.

டான்காவுக்கு யோசிக்காமல் எழுதினேனே.
அவளுக்கு ஒரு பிடரி இருக்கிறது, சுழி இருக்கிறது,
இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்.
வாத்துக்கு என்ன இருக்கிறது? பெயின்ட்.
ஆனால் வாத்து விழுந்தால்
என் பதினாறாயிரத்தை அவள் எங்கிருந்து கொடுப்பாள்?
இதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.
வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவை நினைத்தேன்.

திரையில் இரண்டு கட்டங்கள்.
புறப்படும் தேதியை நிரப்பினேன்.
திரும்பும் தேதியை விட்டுவிட்டேன்.
'வருவதற்கு?' என்றார் தோளுக்குப் பின்னால் எலியோடோரோ.
முதலில் குழந்தை வரட்டும்.
யார் இன்னும் மேலே இருக்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

பேருந்துக்கான காசைத் தனியாக
பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.
இடுப்பிடம் சொல்லவில்லை.

அப்புறம் கடன் நோட்டை எடுத்து
டான்காவுக்குக் கீழே, அதே மையில்:
கைக்கேன் ஏர்லைன்ஸ். ஒரு இருக்கை.
மார்ச் ஒன்பது.
வர வேண்டியது.