ஆல்பேட்டைச் சாவடி

கத்திரி பிறந்த நான்காம் நாள்
டூமா தெருவிலிருந்து போன்.
ஒர்னெல்லா நடத்தும் சாப்பாட்டுக் கடையில்
குளிர்பெட்டி ராத்திரியே செத்துவிட்டதாம்.
"சுடுது, சுடுது" என்று தமிழிலேயே சொன்னாள்.
அவளுக்குத் தெரிந்த பத்துச் சொற்களில் அது ஒன்று.

நான் போவதற்குள் இரண்டு பாட்டில் வெடித்திருந்தன.
சுண்ணாம்புச் சுவரில், மின்விசிறி இறக்கையில்,
கல்லாவுக்கு மேலே மாதா படத்துக் கண்ணாடியில்
நாவல்பழத்தை மென்று துப்பியதுபோல் கறை.
ரிலே கருகியிருந்தது.
உப்புக்காற்று தின்ற தகடுகள்
தட்டினால் அப்பளமாய் உதிர்ந்தன.
மூன்று மணி நேர வேலை.

திருப்புளி சுற்றும் நேரமெல்லாம் அவள் பேசினாள்,
பாதி என்னிடம், பாதி உடைந்த கண்ணாடியிடம்.
லம்ப்ரூஸ்கோ. மோதெனா பக்கத்துச் சிவப்பு.
சொர்பாரா என்றொரு திராட்சை
பூத்துத் தள்ளும், தன் பூவை நம்பிக் காய்க்காது.
அடுத்த வரிசையில் சலமீனோ நின்றால்தான் பிஞ்சு பிடிக்கும்.
அப்படியும் பாதி கொட்டிவிடும்.
விரல்களை விரித்துக் காட்டினாள்:
பல் விழுந்த வாய் மாதிரி ஒரு கொத்து.

பெரிய கம்பெனிகள்
எஃகுத் தொட்டியில் பூட்டி நுரைக்கவைத்து,
வடிகட்டி, சாதுவாக்கி அனுப்புமாம்.
அவள் தம்பி எல்சோவுக்கு அந்தப் பொறுமை இல்லை.
இனிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே
பாட்டிலில் ஊற்றி, ஈஸ்ட்டையும் உள்ளேயே விட்டு
தக்கை வைத்துக் கயிறு கட்டிவிடுவான்.
பனியில் தூங்கும்.
வெயில் உறைத்தால் எழுந்து
மிச்சத்தைத் தின்னத் தொடங்கும்.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
இருபத்திரண்டு வருஷமாக எனக்கு கேஸில்தான் பிழைப்பு.
எனக்குத் தெரிந்த கேஸெல்லாம் சிலிண்டரில் வரும்.
எடை போட்டு, ஹோஸ் மாட்டி, முள்ளைப் பார்த்து ஏற்றுவேன்.
கோலி சோடாவுக்கும் அதே கதைதான்.
யாரும் ஏற்றாமல் தானே ஏறுவதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்,
பூட்டின வீட்டுக்குள் ஒருத்தன்
எழுந்து உட்கார்ந்ததுபோல.

கூலியில் முந்நூறு குறைத்துக்கொண்டாள்.
அதற்கு ஈடாக ஒரு பாட்டில்,
ஈரத்துண்டு சுற்றி, ஐஸ் போட்டு, என் டூல் பையில்.

அரியாங்குப்பம் வரை ஐஸ்.
தவளக்குப்பத்தில் தண்ணீர்.
கிருமாம்பாக்கம் தாண்டும்போது வெந்நீர்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சீட்டில்
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே போனேன்,
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தவன்போல.

"பையத் தொற."
"திராட்சை ரசம் சார்."
"கோயில்லயா குடுத்தாங்க?"
காவலர் ஏகாம்பரம் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தார்.
அடியில் மண்டி.
"கெட்டுப்போச்சுய்யா" என்று ஒரு குலுக்கு.
நான் "சார்" என்பதற்குள்
கயிற்று முடிச்சில் கை வைத்துவிட்டார்.

தக்கை சாவடியின் தகரக் கூரையில் அடித்து விழுந்தது.
பிறகு நுரை:
காக்கியில், பெயர்ப்பட்டையில்,
வண்டி எண், நேரம், கைப்பற்றிய பொருள் என்று
கோடு போட்ட பேரேட்டில்.
சிதம்பரம் பஸ் மட்டும் ஹாரன் அடித்தது.
வேறு யாரும் மூச்சு விடவில்லை.

ஏகாம்பரம் மீசையை நக்கிப் பார்த்தார்.
"கலர் மாதிரிதான் இருக்கு.
கடைசில ஒரு கசப்பு."
இன்னொரு முறை நக்கினார், உறுதி செய்ய.
மிச்சத்தைச் சட்டப்படி தரையில் கவிழ்த்தார்.
சூடான தாரில் ஒரு நிமிஷம்
சலசலவென்று பேசி அடங்கியது.

வழக்கு இல்லை.
நனைந்த பக்கத்தில் பேனா எழுதவில்லை.

மறுநாள் ஒர்னெல்லா போனில் கேட்டாள்,
எப்படி இருந்தது என்று.
டூல் பையில் குறட்டுக்கும் டெஸ்டருக்கும் நடுவே
தக்கை கிடந்தது, முக்கால் ஊதாவாக.
"ஏறிடுச்சு" என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.