பன்னிரண்டாம் கழுவல்

வெள்ளைக்கல் லாரியேறிப் போய்விட்டது.
கரட்டில் மிச்சம் கிடந்தது பச்சைக்கல்,
சுரங்கக்காரர்களுக்கு வேண்டாத கல்.
சிமெண்டுச் சாக்கில் கட்டி
ஓமலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.
"லக்கேஜ் போடணும்மா" என்றார் கண்டக்டர்.
போட்டார்.

இடித்துச் சலித்து
மூன்று நாள் அமிலத்தில் வேகவைத்தேன்.
உள்ளே குடியிருந்த மக்னீசியம்
கரைந்து வெளியேறியது,
போன இடமெல்லாம் துளை.
எஞ்சிய வெள்ளைத் தூளை
நாக்கில் வைத்தால் விடாமல் ஒட்டுகிறது
(ஆய்வேட்டில் இதை எழுத முடியாது).
ஒரு கிராமை உள்ளும் புறமும் விரித்தால்
இரண்டு கபடி மைதானம் வரும்.

நொதி என்பது ஒரு மடிப்பு, அவ்வளவுதான்.
மடிப்பு கலைந்தால்
அதே அணுக்கள், அதே எடை,
ஆனால் ஒரு வேலைக்கும் ஆகாது.
அமைலேஸைத் துளைக்குள் ஊறவிட்டு
வடிகட்டிக்கொண்டிருந்தபோது
"புகுந்த வீடு மாதிரி" என்றான் ஆய்வக உதவியாளன் நல்லியப்பன்.
"போனதும் மூன்றில் ஒரு பங்கு திறன் குறைஞ்சிடுது,
அதையும் எழுதிக்கோ" என்றேன்.
நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிராமல்
ரெஜினா மேடம் சொன்னார்:
"அப்போ பொருத்தமாத்தான் சொல்லியிருக்கான்."

செவ்வாய் இரவு வெந்நீர்த் தொட்டியின் தெர்மோஸ்டாட் கெட்டது.
யாருக்கும் தெரியாது.
காலையில் வந்து பார்த்தால் எழுபத்தெட்டு டிகிரி.
தனியாக விட்ட நொதி
திரிந்த பாலாய் அடியில் கிடந்தது.
கல்லுக்குள் இருந்ததையும் கொட்டிவிடத்தான் போனேன்.
கைப்பழக்கம்,
ஒரு சிட்டிகை எடுத்துக் கஞ்சியில் போட்டு
அயோடின் சொட்டினேன்.

நீலம் வரவில்லை.

மறுபடி சொட்டினேன். வரவில்லை.
கஞ்சியைத் தின்று தீர்த்திருந்தது.
அவிழ்வதற்கும் இடம் வேண்டுமல்லவா?
அந்தத் துளைக்குள் அது இல்லை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து செங்கோட்டுவேல் போன் செய்தார்.
சேகோ மில் வைத்திருக்கிறார்.
குச்சிக்கிழங்குத் தண்ணீர் ஓடையில் நின்று புளித்து
பக்கத்துக் காட்டுக்காரர் புகார் கொடுத்தாயிற்றாம்.
"திப்பி நாத்தம், தாங்கலைங்க.
உங்க கல்லு எத்தனை நாளைக்குத் தாங்கும்?"
நாள் கணக்கு தெரியாது என்றேன்.
கழுவல் கணக்குதான் என்னிடம் உண்டு.

முதல் கழுவலில் கொஞ்சம் வெளியே வந்தது.
மூன்றாவதிலும் வந்தது.
பிடி கொள்ளாதவை.
அவற்றையும் அளந்து
தனிப் பத்தியில் எழுதினேன்,
ஓடிப்போனவை என்று அல்ல,
மில்லிகிராமில்.
எட்டாவதுக்குப் பிறகு நீர் தெளிந்தே வந்தது.
பன்னிரண்டில் அறுபத்தொரு சதவீதம்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது.
ஏற்காட்டு மலையில் ஒரு வண்டி வெளிச்சம்
வளைவுக்குள் போய் அணைகிறது,
கொஞ்சம் மேலே மறுபடி தெரிகிறது.
நல்லியப்பன் சாவியோடு நிற்கிறான்.
பதின்மூன்றாவதைத் தொடங்கலாம் என்று
புட்டியைச் சாய்த்தேன்,
அயோடின் தீர்ந்திருந்தது.
மெய்யனூர்க் கடை
நாளை பத்து மணிக்குத்தான் திறப்பான்.