இளஞ்சிவப்பு நகல்

ஒரு சீட்டு, ஐந்து நகல்.
வெள்ளை, மருந்துக் கிடங்குக்கு.
மஞ்சள், கணக்கருக்கு.
பச்சை, லிலோங்வேக்குத் தபாலில்.
மழைக்காலமானால் இரண்டு வாரம்.
நீலம், கோப்புக்கு.
இளஞ்சிவப்பு?

"அது போகும்" என்றார் வேஸி.
பன்னிரண்டு வருடமாகக் கிடங்குச் சாவி அவர் இடுப்பில்.
"எங்கே?"
"போகிற இடத்துக்கு."

என் மடிக்கணினித் திரையில்
பெட்டிகளும் அம்புகளுமாக
மருத்துவமனை விரிந்து கிடந்தது.
ஒரு மலேரியா மாத்திரை
கட்டிலுக்குப் போய்ச் சேரப்
பதினேழு படி, ஒன்பது கையெழுத்து.
வரம் கொடுக்க ஒரு சாமி,
வழியெல்லாம் பூசாரிகள்.
அதில் ஒருவர் கரோங்காவுக்கு மாற்றலாகி
மூன்று வருடமாகிறது.
அவருடைய ரப்பர் முத்திரை மட்டும்
விடுப்பே எடுக்காமல் வேலைக்கு வருகிறது.

எல்லா அம்புக்கும் ஒரு முனை இருந்தது.
இளஞ்சிவப்பின் அம்பு மட்டும்
திரையோரத்தில் எதையும் தொடாமல் நின்றது.
அதற்கு நேராக எழுதினேன்:
பயனற்றது. நீக்கலாம்.
கார்பன் தாளில் மிச்சம் இவ்வளவு குவாச்சா.

எழுதிய பிறகுதான் உறுத்தியது.
செவ்வாய்க்கிழமை காலை
ஒரு காகிதத்தின் பின்னால் நடந்தேன்.

வார்டுப் பையன் லுசுங்கு
அதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் செருகினான்.
எக்ஸ்ரே அறை தாண்டி,
டீசல் இல்லாத ஜெனரேட்டர் தாண்டி,
துணி உலரும் வேலியில் குனிந்து நுழைந்து
கொட்டகைக்குப் போனான்.
நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள்
சமைத்துக் கொடுக்கும் கொட்டகை.
எட்டு அடுப்பு. அறுபது குடும்பம்.
என் வரைபடத்தில்
அந்தக் கூரையே இல்லை.

புகைக்கு நடுவே தொவேரா சீட்டை வாங்கினாள்.
மருத்துவமனைச் சம்பளப் பட்டியலில் அவள் பெயர் கிடையாது.
தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்தவள்.
தங்கை குணமாகி வீடு திரும்பியும்
இவள் திரும்பவில்லை, ஏனென்று நான் கேட்கவில்லை.
"பதினொன்றாம் கட்டில்!" என்று கூவினாள்.
ஒரு கிழவர் எழுந்தார், பானையோடு.
வரிசை தானாக விலகியது.

"இந்த மாத்திரை வெறும் வயிற்றில் நிற்காது.
எண்ணெய்ச் சத்து உள்ளே போனால்தான் வேலை செய்யும்.
சீட்டு வந்தவர்களுக்கு அடுப்பு முதலில்.
மற்றவர்கள் காத்திருக்கலாம்."
அவர் பூசணிக்கீரையில்
ஒரு கை நிலக்கடலைப் பொடியை
கேட்காமலே போட்டாள்.

யார் வகுத்த முறை இது?
யாருக்கும் தெரியவில்லை.
நகலின் பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
கரிக்கோட்டில் 4.

மென்பொருள் விற்பவர்
நல்ல மனிதர், சலிக்காமல் கேட்டார்.
"மேடம், அடுப்புக்கென்று எங்களிடம் மாட்யூல் இல்லையே."

இப்போது பதினேழு ஆறாகிவிட்டது.
முத்திரைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.
இரண்டு நாளில் வந்த மாத்திரை
மதியத்துக்குள் வருகிறது.
இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.
அம்புகளும் உயிர் காக்கும்.
வேஸிகூட ஒருநாள் திரையைப் பார்த்துச் சிரித்தார்,
உடனே துணியால் துடைத்தார்.

இளஞ்சிவப்புத் தாள் கட்டுகளை மட்டும்
முசுசு கடைத்தெருவில்
என் காசில் வாங்கி வைத்தேன்.
எந்தத் தலைப்பில் செலவு எழுத என்று தெரியவில்லை.

நேற்றுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி:
"ஆறாம் படியின் இறுதியில்
அடுப்பு எண் நான்கு என்றுள்ளது.
தட்டச்சுப் பிழையா?"

இல்லை என்று அடித்து
அனுப்பும் பொத்தானுக்கு விரல் போவதற்குள்
மின்சாரம் போய்விட்டது.
திரை கறுத்தது.
கிடங்கில் வேஸி தாளைக் கிழிக்கும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில்
வேலிக்கு அப்பாலிருந்து
யாரோ ஒரு கட்டிலின் எண்ணை
உரக்கக் கூப்பிட்டார்கள்.